தாண்டக்கூடிய கோடு

"என்னத்துக்கு சேர் இவ்வளவு சுத்துறது? இதால தாண்டினா நடுவுக்குப் போயிரலாமே?"

ஏழாம் தரத்து மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு அவன் நிற்கவில்லை. ஒரு கோட்டைத் தாண்டினான், அடுத்ததைத் தாண்டினான், எட்டுக் கோடுகளையும் விறுவிறென்று கடந்து நடுவில் போய் நின்று இரு கைகளையும் உயர்த்தினான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "திரும்பிப் போ. வாசலால் வந்து ஒழுங்காக நடந்து வா" என்றேன். அவன் போனான். தலையைக் குனிந்துகொண்டு, மைதானத்தைச் சுற்றி ஓடும்படி தண்டிக்கப்பட்டவனைப் போல முழுப் பாதையையும் நடந்து வந்தான்.

அன்று நான் செய்தது சரிதானா என்ற சந்தேகம் என்னை விட்டு நீங்கவில்லை. அந்தச் சந்தேகமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

*

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஆம் ஆண்டு எமது பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் ஓட்டப் பாதைகளுக்குக் கோடு போட்ட சுண்ணாம்பில் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. சித்திரப் பாட ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். அவருடைய பாடவேளையையும் தமிழ் ஆசிரியனான நானே கவனிக்க வேண்டியிருந்தது. எனக்குச் சித்திரம் வராது. ஆனால் ஒரு நூலில் கண்ட கோட்டுருவம் ஒன்றை வரையும் முறை நினைவில் இருந்தது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று மைதானத்தின் ஓரத்தில் அதைப் பெரிதாக வரையச் சொன்னேன்.

இந்த உருவத்துக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் இல்லை. ஆங்கிலத்தில் லபிரிந்த் என்பர். புதிர்வழி, சிக்கல்வழி என்று எழுதுவோர் உண்டு. ஆனால் இதில் புதிரும் இல்லை, சிக்கலும் இல்லை. ஞாயிறு பத்திரிகைகளின் சிறுவர் பகுதியில் 'முயலுக்கு வழி காட்டுங்கள்' என்று ஒரு படம் வருமே, அதுதான் புதிர்வழி. அதில் பாதை கிளை பிரியும். சில கிளைகள் முட்டுச்சந்தில் முடியும். நான் சொல்லும் உருவத்தில் பாதை கிளை பிரிவதே இல்லை. ஒரு வாசல், ஒரு பாதை, நடுவில் ஓர் இடம். நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்குப் போய்ச் சேர்வது உறுதி. ஆகவே இக்கட்டுரையில் இதைச் சுற்றுப்பாதை என்றே குறிப்பிடுகிறேன்.

வரைவது மிக எளிது. ஒரு கூட்டல் அடையாளம் போடுங்கள். அதன் வலப்புற மேல் மூலையில் 'ட' என்ற எழுத்தை எழுதுங்கள். மற்ற மூன்று மூலைகளிலும் அதே 'ட'வை, அதன் முழங்கை கூட்டல் அடையாளத்தின் நடுவைப் பார்க்கும்படி திருப்பித் திருப்பி எழுதுங்கள். ஒவ்வொரு 'ட'வுக்கும் வெளிப்பக்கத்து மூலையில் ஒரு புள்ளி. இப்போது பதினாறு முனைகள் கிடைக்கும். கூட்டல் அடையாளத்தின் உச்சியை அதன் வலப்புறத்து 'ட'வின் உச்சியோடு ஒரு வில்லால் இணையுங்கள். பிறகு இடப்புறத்தில் அடுத்த முனையை வலப்புறத்தில் அடுத்த முனையோடு, முந்திய வில்லைச் சுற்றிக்கொண்டு இணையுங்கள். இப்படியே எட்டு வில் வரைந்து முடிய, ஏழு சுற்றுப் பாதை தானாக உருவாகி இருக்கும். கேத்திரகணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளும் ஒரு பாடவேளைக்குள் இதைப் பழகிக்கொண்டார்கள்.

நடந்து பார்க்கும்போதுதான் அதன் இயல்பு விளங்கும். வெளிப்புறத்தில் இருந்து எண்ணினால், நுழைந்தவர் முதலில் மூன்றாவது சுற்றில் ஏறுகிறார். அங்கிருந்து இரண்டாவது, பிறகு முதலாவது. உள்ளே வந்தவர் வெளியே தள்ளப்படுகிறார். அடுத்து நான்காவது சுற்று. அதிலிருந்து நேரே ஏழாவதற்குப் பாதை பாய்கிறது. நடு இடம் ஒரு கோட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது, கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் பாதை ஆறு, ஐந்து என்று மறுபடி விலகிப் போகிறது. விலகிப் போன பிறகே நடுவில் கொண்டுபோய் விடுகிறது. என் மாணவன் கோட்டைத் தாண்டியது இந்த ஏழாவது சுற்றைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான். அவனுடைய கேள்வியில் நியாயம் இருந்தது.

*

இந்த உருவம் எவ்வளவு பழையது என்பதற்குக் கிரேக்கத்தின் பைலோஸ் நகரில் கிடைத்த களிமண் பலகை ஒன்று சாட்சி. ஏறத்தாழ 3200 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த அரண்மனை எரிந்தபோது, ஈரமண்ணில் எழுதிய கணக்குப் பலகைகள் தீயில் வெந்து நிலைத்துப் போயின. அவற்றுள் ஒன்றின் ஒரு புறத்தில் ஆடுகளின் கணக்கு இருக்கிறது. மறுபுறத்தில் சதுர வடிவில் ஒரு சுற்றுப்பாதை கீறப்பட்டிருக்கிறது. கணக்கு எழுதிய எழுத்தன் சலிப்பில் கீறியதாகவே அது தோன்றுகிறது. என் மாணவர்களின் கொப்பிகளில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்த எழுத்தனை நன்றாகத் தெரியும்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு சான்றும் உண்டு. ஏறத்தாழ 1030 ஆம் ஆண்டளவில் அல்பீரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய பெருநூலில் இலங்கை பற்றிய அத்தியாயம் ஒன்று வருகிறது. இராமனின் மனைவியைக் கவர்ந்து வந்த இராவணன் தன்னைக் காத்துக்கொள்ள அமைத்த கோட்டை என்று ஒரு சுற்றுப்பாதையின் வரைபடத்தை அங்கே அவர் தருகிறார். முஸ்லிம் நாடுகளில் அதனை யவனகோடி என்று அழைப்பதாகவும் குறிப்பிடுகிறார். நம் தீவைப் பற்றிய ஒரு கதை, குவாரஸ்மில் பிறந்த ஓர் அறிஞரின் அறபு நூலில் இப்படி ஒரு கோட்டுருவமாகப் பதிந்து கிடக்கிறது. கர்நாடகத்தில் ஹளேபீடு கோயிலின் 12 ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் அபிமன்யு சிக்கிய சக்கரவியூகமும் இதே உருவில்தான் செதுக்கப்பட்டிருக்கிறது.

இவை எல்லாம் படங்கள். நடப்பதற்கென்று தரையில் அமைத்தவை வேறு. சுவீடன் நாட்டின் கடலோரங்களில் கல் அடுக்கிய சுற்றுப்பாதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கடலுக்குப் போகுமுன் மீனவர்கள் அவற்றில் நடப்பார்கள் என்றும், தம்மைத் தொடரும் கெட்ட காற்றை நடுவிலே சிக்க வைத்துவிட்டு வெளியே ஓடி வருவார்கள் என்றும் அங்கே வழக்குக் கதைகள் உண்டு. அந்த நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கச்சான் காற்று எழும் நாட்களில் தோணியை வெறித்துப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கும் மனிதரை அறிந்தவர்களுக்கு அந்த மீனவரின் மனம் விளங்கும்.

*

இனிக் கேள்விக்கு வருவோம். ஏன் தாண்டக் கூடாது?

வெசாக் காலத்தில் சிங்களக் கிராமங்களில் இளைஞர்கள் அமைக்கும் வங்ககிரியவை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். நாடு நீங்கிய வெஸ்ஸந்தர மன்னன் போய் வாழ்ந்த வங்ககிரி மலையின் பெயர் அது. கம்பு நட்டு, மறைப்புக் கட்டி, உள்ளே போனவர் வழி தவறித் திரியும்படி செய்வார்கள். அதுவும் ஊர்கூடிச் செய்யும் கலைதான். ஆனால் அதற்கு மறைப்பு இருந்தே ஆக வேண்டும். மறைப்பை எடுத்துவிட்டால் வழி தவற முடியாது, விளையாட்டும் முடிந்துவிடும்.

சுற்றுப்பாதைக்கு மறைப்புத் தேவையில்லை. சுண்ணாம்புக் கோடு போதும், கணுக்கால் உயரக் கல் போதும். எங்கே நின்றாலும் நடு இடம் தெரிகிறது. எந்த இடத்திலும் தாண்டலாம். வங்ககிரியவில் நடப்பவர் வலமா இடமா என்று சில இடங்களில் மட்டும் தீர்மானிக்கிறார். சுற்றுப்பாதையில் நடப்பவரோ ஒவ்வோர் அடியிலும் ஒன்றைத் தீர்மானிக்கிறார்: தாண்டுவதில்லை என்று. தீர்மானமே தேவைப்படாத பாதை என்று இதைச் சொல்பவர்கள் இந்த உண்மையைக் கவனிப்பதில்லை.

பாதை ஒன்றே என்பதால் இதனை விதிக்கு உவமையாக்கிப் பேசுவோரும் உண்டு. எழுதப்பட்ட வழியில் மனிதன் நடக்கிறான், போய்ச் சேர்வது உறுதி என்று அவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த உவமை பொருந்துவதாகத் தோன்றவில்லை. விதியின் கோட்டை ஒரு சிறுவன் குதித்துக் கடந்துவிட முடியாது. சுண்ணாம்புக் கோட்டை முடியும். அப்படி முடிவதனால்தான் அதைக் கடக்காமல் நடப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்த காலத்தில் பியாஜேயின் பெயரைப் பரீட்சைக்காக மனனம் செய்தோம். சுவிற்சர்லாந்துச் சிறுவர்கள் குண்டு விளையாடுவதை அவர் ஆராய்ந்து எழுதிய நூல் 1932 இல் வெளிவந்தது. அவர் கண்டது விசித்திரமானது. சிறிய பிள்ளைகளிடம் விளையாட்டு விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பெரியவர்கள் தந்தவை, மாற்றவே கூடாதவை என்று சொல்வார்கள். ஆனால் விளையாடும்போது ஆளுக்கு ஒரு விதமாக விளையாடுவார்கள். பத்து வயதைக் கடந்த பிள்ளைகளோ, விதிகள் நாங்கள் பேசி வைத்துக்கொண்டவை, எல்லாரும் சம்மதித்தால் மாற்றலாம் என்பார்கள். விளையாடும்போது அந்த விதிகளைக் கண்டிப்பாகக் காப்பவர்களும் அவர்களே. புனிதம் என்று எண்ணுகிறவர் மீறுகிறார், தமது ஏற்பாடு என்று அறிந்தவர் காக்கிறார்.

இந்த நூலைப் பற்றி நான் பரீட்சையில் எழுதிச் சித்தியும் பெற்றேன். ஆனால் மைதானத்தில் அந்த மாணவன் கோட்டைத் தாண்டியபோது அதில் ஒரு வரியும் எனக்கு நினைவு வரவில்லை. நான் செய்தது என்ன? கோடு மட்டும் இருந்த இடத்தில் ஒரு சுவரை எழுப்பினேன். என் குரல்தான் அந்தச் சுவர். அதன் பிறகு அவன் நடந்தான் என்றால் அது பாதையில் நடந்ததாகாது. எனக்குப் பயந்து நடந்ததே ஆகும். சுற்றுப்பாதையை வங்ககிரியவாக மாற்றியவன் நான்.

*

கோட்டைத் தாண்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோடு அங்கே எப்படி இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. நாங்கள் வரைந்த சுண்ணாம்புக் கோடு இரண்டு மழைக்குள் கரைந்து போயிற்று.

இங்கிலாந்தில் கிராமப் பொதுவெளிகளில் புல்தரையை வெட்டி அமைத்த சுற்றுப்பாதைகள் இருந்தன. கல்லும் இல்லை, கட்டடமும் இல்லை. புல்லும் மண்ணும்தான். அப்படிப்பட்ட பாதையின் பிரச்சினை ஒன்றே: புல் வளரும். நடப்பார் இல்லையென்றால், சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை மண்வெட்டியோடு வந்து வெட்டுவார் இல்லையென்றால், பாதை மறைந்துவிடும். ஷேக்ஸ்பியரின் நடுவேனிற்கால இரவுக் கனவு நாடகத்திலேயே, மிதிப்பார் இல்லாமல் அடையாளம் தெரியாமற்போன புல்தரைப் பாதைகளைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது. பழையவற்றுள் இன்று அங்கே எஞ்சியிருப்பவை எட்டு மட்டுமே.

அவற்றுள் மிகப் பெரியது எசெக்ஸ் மாவட்டத்தில் சஃப்ரன் வோல்டன் நகரின் பொதுவெளியில் இருக்கிறது. பதினேழு சுற்றுகள், நடந்தால் ஏறத்தாழ ஒரு மைல். அதை முதலில் வெட்டியவர் யாரென்று தெரியாது. அதைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 1699 ஆம் ஆண்டுக்குரியது. அது பாதையை அமைத்த செய்தி அன்று, மீள வெட்டியதற்குப் பதினைந்து சிலிங் கொடுத்த கணக்கு. முதல் வெட்டு வரலாற்றில் இல்லை. மீள வெட்டியதே வரலாற்றில் இருக்கிறது. அதன் பிறகும் பல தடவை வெட்டினார்கள். 1911 இல் பாதையில் செங்கல் பதித்தார்கள்.

கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஹில்டன் என்ற கிராமத்துப் பாதையை 1660 இல் வில்லியம் ஸ்பரோ என்ற பத்தொன்பது வயது இளைஞர் வெட்டியதாக, அதன் நடுவில் பின்னர் நாட்டிய தூண் சொல்கிறது. இந்த வகையில் பெயர் தெரிந்தவர் அவர் ஒருவர். ஆனால் 1660 இல் அவர் வெட்டிய புல் 1670 இலேயே மறுபடி வளர்ந்திருக்கும். இன்று அங்கே நடக்கிறவர் நடப்பது யாருடைய பாதையில்? ஸ்பரோவின் பாதையிலா, மூன்றரை நூற்றாண்டாக மண்வெட்டி பிடித்த பெயர் தெரியாதவர்களின் பாதையிலா?

பிரான்ஸ் நாட்டுத் தேவாலயங்களின் கதை இதற்கு மறுதலை. ரீம்ஸ் பேராலயத்தின் தரையில் பதித்த சுற்றுப்பாதையில் அதைக் கட்டிய தலைமைக் கட்டடக் கலைஞர் நால்வரின் உருவமும் பெயரும் இருந்தன. அமியான் பேராலயத்தில் 1288 இல் பதித்த நடுக்கல்லில் ஆயரோடு மூன்று கலைஞர்களின் பெயரும் பொறிக்கப்பட்டன. கல்லில் பெயர் வெட்டியவர்கள் அது நிலைக்கும் என்று நம்பியிருப்பார்கள். ரீம்ஸ் பாதையை 1779 இல் பெயர்த்து எடுத்தார்கள். பிள்ளைகள் அதில் ஓடி விளையாடி ஆராதனைக்கு இடைஞ்சல் செய்கிறார்கள் என்பது காரணம். அமியான் பாதையும் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெயர்க்கப்பட்டு, அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் மீளப் பதிக்கப்பட்டது. பெயர் பொறித்த கல் போயிற்று. பெயரில்லாத புல் நிற்கிறது.

இதை நான் எழுதும் சஞ்சிகையின் வாசகர்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்கள். தமது படைப்பின் கீழ் தமது பெயர் பிழையின்றி அச்சாக வேண்டும் என்று விரும்புகிறவர்கள். நானும் அப்படியே. அதில் தவறில்லை. ஆனால் ஒரு படைப்பு வாழ்வதற்கு அதை ஆக்கியவர் மட்டும் போதாது என்பதை நாம் இலகுவில் ஒப்புக்கொள்வதில்லை. நம் உம்மாமாரின் தாலாட்டுகளும், வயலில் பாடிய கவிகளும் யாருடையவை? பாடப் பாட இருந்தன. பாடுவாரில்லாமற் போனதும் புல் மூடிப் போயின. அவற்றைத் தேடி எழுதி வைத்தவர்கள் மண்வெட்டி பிடித்தவர்கள். இங்கிலாந்தில் ஆல்க்பரோ கிராமத்தில், புல்தரைப் பாதை அழிந்தாலும் அதன் உருவம் அழியக்கூடாது என்று 1887 இல் தேவாலய முகப்புத் தரையில் ஒரு பிரதி பதித்து வைத்தார்கள். நமது பதிப்பாளர்கள் செய்ததும் அதுவேதான்.

*

கூட்டாகச் செய்யும் கலை என்றவுடன் கூட்டாக அமைப்பதையே நினைக்கிறோம். கூட்டாக நடப்பதும் அதில் அடங்கும். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த பாதை இன்றும் இருக்கிறது. பதினொரு சுற்றுகள். குறுக்களவு பதின்மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பாதையின் நீளமோ 260 மீற்றர் அளவில். இவ்வளவு நீளத்தை இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் மடித்து வைத்தால் என்ன நடக்கும்? பலர் ஒரே நேரத்தில் நடக்கும்போது, உங்கள் தோளோடு தோள் உரசி வருகிறவர் உண்மையில் உங்களுக்கு நூறு மீற்றர் பின்னால் இருப்பார். எதிர்ப்பக்கத்தில் தொலைவில் தெரிகிறவர் உங்களுக்கு அடுத்த ஆளாக இருப்பார். யார் முன்னே, யார் பின்னே என்று பார்வையால் சொல்ல முடியாது.

எமது மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் நடந்தபோது இதைக் கண்டேன். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் மாணவி, தனக்கு முன்னால் யார் போகிறார் என்று எட்டி எட்டிப் பார்த்துக் குழம்பி, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். இன்னொன்றும் நடந்தது. நடுவை அடைந்தவர்கள் அதே பாதையால்தான் திரும்ப வேண்டும். ஆகவே போகிறவரும் வருகிறவரும் இரண்டடிப் பாதையில் நேருக்கு நேர் சந்திப்பார்கள். ஒருவர் ஒதுங்கி வழி விட வேண்டும். யார் ஒதுங்குவது என்று நான் சொல்லித் தரவில்லை. போய் வந்தவர் போகிறவருக்கு வழி விடுவது என்று பத்து நிமிடத்துக்குள் அவர்களாகவே ஏற்படுத்திக்கொண்டார்கள். பியாஜே சொன்ன விதி பிறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

2009 இல் இருந்து மே மாதத்து முதற் சனிக்கிழமையை உலகச் சுற்றுப்பாதை நாளாகச் சில நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அந்தந்த ஊரின் நேரப்படி பகல் ஒரு மணிக்கு நடக்கிறார்கள். மன அமைதி, குணப்படுத்தல் என்று அதைப் பற்றிப் பெரிதாகப் பேசப்படுகிறது. எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. வழி விடப் பழகுவது போதும்.

*

ஒரு தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். கடையில் இருந்து நேரே வந்திருந்தார். "சேர், பிள்ளைகள் வட்டம் சுத்துதுகளாம். இது என்ன மாதிரி வணக்கம்?" என்று பணிவோடுதான் கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. ஐரோப்பாவில் இந்த உருவம் தேவாலயத்தின் தரையில் இருந்தது. மீனவர் கதைகளில் அது மாந்திரீகத்தோடு கலந்தது. தவாபுக்கு இடம் ஒன்றே, நிய்யத்து ஒன்றே. அதைப் போன்ற ஒன்றை மைதானத்தில் யாரும் உண்டாக்க முடியாது, உண்டாக்கவும் கூடாது. இது சித்திரப் பாடம், காலால் பார்க்கிற சித்திரம் என்று சொன்னேன். அவரைப் பாதைக்கு அழைத்துப் போனேன். அவர் நடக்கவில்லை. ஓரத்தில் நின்று பார்த்தார். "கோடு கோணலாக் கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கோணலாகத்தான் இருந்தது.

சுண்ணாம்பு கரைந்த பிறகு, இடித்த பழைய வகுப்பறையின் ஓட்டுத் துண்டுகளை அடுக்கினோம். அது சில மாதங்கள் நின்றது. மாடுகள் புகுந்தன. அடுப்புக்கட்டுக்கென்று யாரோ சில ஓடுகளை எடுத்துப் போனார்கள். அவ்வாண்டு மாரி கடுமையாக இருந்தது. 2024 சனவரியில் வெள்ளம் வடிந்து பாடசாலை திறந்தபோது மைதானத்தில் சேறும் சிதறிய ஓடுகளும்தான் கிடந்தன. நான் விட்டுவிட்டேன். பாடத்திட்டம் பின்தங்கிக் கிடந்தது.

பிள்ளைகள் விடவில்லை. இடைவேளைகளில் அவர்களாகவே ஓடு பொறுக்கத் தொடங்கினார்கள். நான் போய்ப் பார்த்தபோது பாதையின் அகலம் மாறியிருந்தது. இரண்டடிக்குப் பதிலாக மூன்றடி. ஏன் என்று கேட்டேன். ஊன்றுகோல் இரண்டின் உதவியோடு நடக்கும் மாணவி ஒருத்தி முதல் ஆண்டு முழுவதும் ஓரத்தில் நின்று பார்த்தவள். இரண்டடிப் பாதையில் அவளால் திரும்ப முடியாது. அது எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பாதை அகன்றதால் ஒன்றரை மடங்கு ஓடு தேவைப்பட்டது. வீடு வீடாகப் போய் உடைந்த ஓடு கேட்டார்கள்.

சைக்கிளில் உரப்பை கட்டி அதிக ஓடு கொண்டு வந்தவன், முதல் நாளில் கோட்டைத் தாண்டிய அந்த மாணவன். கயிற்றின் ஒரு முனையைக் கூட்டல் அடையாளத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் இருந்தவனை வளைவாக நடத்தி, வில்களை அவனே அளந்தான். என் கோடுகளைவிட அவனுடையவை நேர்த்தியாக வந்தன. அளக்கும்போதும் அடுக்கும்போதும் ஒரு சுற்றில் இருந்து இன்னொரு சுற்றுக்கு அவன் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். தாண்டாமல் எப்படி அடுக்குவது? கோட்டை அமைக்கிறவன் கோட்டைத் தாண்டாமல் அமைக்க முடியாது. புல்தரையில் மண்வெட்டி பிடித்தவர்களும் அப்படித்தான் குறுக்கும் நெடுக்கும் நடந்திருப்பார்கள்.

கோட்டைத் தாண்டுவது அலட்சியம் என்றும், தாண்டாமல் நடப்பது மரியாதை என்றும் நான் வைத்திருந்த கணக்கு அந்த இடத்தில் பிழைத்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் கடலோரக் குன்றில் 2004 இல் எட்வார்டோ அகிலேரா என்ற கலைஞர் கல் அடுக்கி ஒரு சுற்றுப்பாதை அமைத்தார். அதை யாரோ பல தடவை குலைத்தார்கள். பலர் கூடிப் பல தடவை மீள அடுக்கினார்கள். குலைத்தவரும் தாண்டினார், அடுக்கியவரும் தாண்டினார். கால் செய்தது ஒன்றே. கோட்டின் மீதான மரியாதை காலில் இல்லை. அந்தக் கோட்டைப் போட்டவர்களையும், அதில் இனி நடக்க இருப்பவர்களையும் நினைக்கிறோமா என்பதில் இருக்கிறது. ஒரு தடவையும் குனிந்து ஓர் ஓட்டைத் திருத்தி வைக்காமல் ஒழுங்காக நடந்து முடிப்பவரைவிட, தாண்டித் தாண்டித் திருத்துகிறவர் அந்தப் பாதைக்கு நெருங்கியவர்.

அப்படியானால் முதல் நாளில் அவன் தாண்டியது சரியா? அதையும் நான் சொல்லத் தயாரில்லை. அன்று அவன் அதை அமைப்பதில் பங்கெடுக்கவில்லை. நான் சொல்ல, நாலைந்து பேர் வரைந்த கோடு அது. அவனுக்கு அது அந்நியம். அந்நியமான கோட்டைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்டான். அவனுக்கு நான் ஒரு காரணம் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு வாளியைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் கட்டளையிட்டேன். பாடசாலையிலும் வீட்டிலும் ஊரிலும் நாம் பிள்ளைகளுக்குப் போட்டு வைத்திருக்கும் கோடுகளை எண்ணிப் பார்க்கும்போது, அவற்றில் எத்தனை கோடுகளைப் போடும்போது அவர்களும் ஒரு முனையைப் பிடித்திருந்தார்கள் என்ற கேள்வி எழுகிறது.

வேலை முடிந்த நாளில் ஊன்றுகோல் மாணவி முதலில் நடந்தாள். நேரம் எடுத்தது. மணி அடித்தும் யாரும் வகுப்புக்குப் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. அவன் மட்டும் நடக்கவில்லை. அதைக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஏழாவது சுற்றின் வளைவில் அவளுடைய ஊன்றுகோல் பட்டு ஓர் ஓடு சரிந்தது. ஓரத்தில் நின்றவன் குறுக்கே தாண்டி ஓடிப் போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, வந்த வழியே தாண்டித் திரும்பினான்.